நல்ல நூலும் பெருநூலும்

(குடமுழுக்கு விழாவினை ஒட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)

சிவமயம்



திருக்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யும் வேளையில் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே அடியேன் துணிபு. நம் முன்னோர் இறைவனுக்கு இருவகைக் கோயில் எடுத்தனர். ஒன்று கல்லால் ஆயது. மற்றொன்று சொல்லால் ஆயது. கற்கோயிலைப் பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்து, மருந்து சாத்தி, கலசத்துக்கு நீராட்டிப் புதுக்குகிறோம். சொற்கோயில்களுள் எது நிற்கிறது, எது உதிர்கிறது, நிற்பது எதனால் நிற்கிறது என்று ஆராய்வதும் திருப்பணியின் ஒரு கூறே ஆகும்.

ஆராயப் புகுமுன் ஒன்றை வரையறுத்துக் கொள்வோம். குறையுடைய நூல்களைப் பற்றி ஈண்டுப் பேச்சில்லை. அவை தாமே மறையும். இலக்கணம் வழுவாது, ஓசை கெடாது, பொருள் திறம்பாது, கற்றோர் தலையசைக்குமாறு இயற்றப்பெற்ற நல்ல நூல்கள் தமிழில் மிகப் பலவாக உள்ளன. அவற்றின் நடுவே சிலவற்றை மட்டும் நாம் பெருநூல் என்று வணங்குகின்றோம். நல்லதற்கும் பெரியதற்கும் இடையே உள்ள எல்லைக்கோடு யாது? இதுவே இன்றைய வினா.

1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடலைப் பலரும் அறிந்திருப்பீர்கள். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டுத் தேர்ந்த உ. வே. சாமிநாதையர் அப்பொழுது அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று அவரை வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், தலபுராணங்கள் ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கு மூலமாகிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ, சீவக சிந்தாமணியைப் பார்த்ததுண்டோ என்று கேட்டார். அந்த ஒரு வினா ஐயரவர்களின் வாழ்வைத் திருப்பியது. 1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சேறின.

ஆதீனத்தில் பயின்றவன் என்ற முறையில் ஈண்டு ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளேன். இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலர், அந்தாதியும் கலம்பகமும் கற்றது வீண் என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அது தவறு. அந்தாதியிலும் யமகத்திலும் ஆண்டுக்கணக்கில் நாவையும் செவியையும் பழக்கியிராவிடில், சிதைந்த ஏட்டில் சீர் பிரித்துச் சிந்தாமணியைப் படித்துணரும் ஆற்றல் ஐயருக்கு வாய்த்திராது. நல்ல நூல்கள் ஏர் போன்றவை, நிலத்தைப் பண்படுத்துகின்றன. ஏரையே விளைச்சலென்று எண்ணி வீட்டு முற்றத்தில் நிறுத்தி மகிழ்வதுதான் பிழை.

இனி, பெருமைக்கு அளவுகோலாகப் பலர் கூறுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பருமன் பெருமையாகுமோ? ஆகாது. ஆயிரக்கணக்கான விருத்தங்களால் ஆன தலபுராணங்கள் நூலகங்களில் தூசு படிந்து கிடக்கின்றன. மெய்கண்டாரின் சிவஞானபோதமோ பன்னிரண்டே நூற்பா. அதன்மேல் எழுந்த உரைகளும் உரைக்கு உரைகளும் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

குறையின்மை பெருமையாகுமோ? கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் அளவில் உள்ள கழுகுமலைக்குச் சென்று விடை காணுங்கள். அங்கே எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் நிற்கிறது. சிகரமும் சிற்பங்களும் முற்றுப்பெற்றன, கீழ்ப்பகுதி முற்றுப்பெறவில்லை. குறைபட்ட அக்கோயிலைக் காண நெடுந்தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர். குறையொன்றுமின்றி முடிக்கப்பெற்ற எத்தனையோ கட்டடங்களை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உரோம நாட்டுப் பெருங்கவிஞர் வர்ஜில் தம் காப்பியத்தை இறுதியாகச் செப்பம் செய்யுமுன்னே கி.மு. 19-இல் இறந்தார். அக்காப்பியம் ஈராயிரம் ஆண்டு கடந்தும் படிக்கப்பெறுகிறது.

செயற்கருமை பெருமையாகுமோ? மடக்கும் திரிபும் நாகபந்தமும் தேர்ப்பந்தமும் பாடுதல் அரிது, ஐயமில்லை. திருஞானசம்பந்தர் யமகமும் திருவெழுகூற்றிருக்கையும் அருளியுள்ளார் ஆதலின் அருஞ்செயலை இகழ்வதற்கில்லை. ஆயினும் யமகம் பாடிய புலவர் பலர்; சம்பந்தர் ஒருவரே.

பலர் வாயில் பயிலுதல் பெருமையாகுமோ? ஒரு பருவத்தில் தெருவெங்கும் ஒலிக்கும் திரைப்பாட்டு, அடுத்த பருவத்தில் அடுத்த பாட்டுக்கு இடம்விட்டு ஒதுங்குகிறது. பலர் வாயில் இருத்தல் ஓர் அடையாளமாகலாம், அளவுகோல் ஆகாது.

இவை நான்கும் அல்லவெனின், வேறு யாது? விடையை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டுவதில்லை. நம் கரிசற்பூமியே அதற்குச் சான்று வைத்திருக்கிறது.

சங்கரன்கோயிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். திருவாவடுதுறை சென்று கற்றவர், சாமிநாதையரிடத்தும் பாடங்கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். முப்பது வயதைத் தாண்டாத நிலையில் 1891-இல் மறைந்தார். அவர் சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதியும் பாடினார். கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்தும் பாடினார்.

இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒருவரே, கல்வி ஒன்றே, பக்தியும் ஒன்றே, அவர் காலடி பட்ட மண்ணும் ஒன்றே. வேறுபாடு எங்கே நேர்ந்ததெனத் தெளிவாகக் காண்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அரிது.

திரிபு என்பது அடிதோறும் முதலெழுத்து மாத்திரம் வேறுபட, அடுத்து வரும் எழுத்துகள் சில ஒன்றிநின்று, பொருள் மட்டும் மாறி வருவது. உரையாசிரியர் துணையின்றி அதனுட் புகுதல் கடினம். துணையோடு புகுந்தவன் சொற்களைப் பிரித்துப் பொருள் கண்டவுடன், இப்புலவரின் சொல்லாட்சி எத்தகையது என்று வியக்கிறான். அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும் அது புலவரிடம் சென்று முடிகிறது. நல்ல நூலின் இயல்பு இது.

காவடிச்சிந்திலும் அதே சொல்லாட்சி உண்டு. ஒருவேளை மிகுதியாகவே உண்டு. எதுகையும் மோனையும் இயைபும் அடுக்கடுக்காகச் செறிந்து விழுகின்றன. யாப்பறிந்தவன் அதன் அமைப்பை எண்ணிப் பார்த்தால் திகைப்பான். ஆயினும் காவடி சுமப்பவன் எண்ணிப் பார்ப்பதில்லை. தாளத்தின் இடைவெளி அவன் அடியெடுத்து வைக்கும் அளவாகவும், சொல்லின் துள்ளல் தோளில் காவடி அசையும் அசைவாகவும் அமைந்துவிட்டன. பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கழுகுமலைக்குச் செல்லும் பாதைகளில் நின்று பாருங்கள். எழுத்தறியாத முதியவர் ஒருவர், செருப்பில்லாத கால்களோடு, தார்ச்சாலை வெயிலில் அச்சிந்தைப் பாடிக்கொண்டு நடந்ததை அடியேன் கண்டிருக்கிறேன். பாடியவர் யாரென்று கேட்டேன். முருகன் பாட்டு என்றார். ஆசிரியர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அப்பாட்டு அவருடைய சொந்தப் பாட்டாகிவிட்டது.

ஊற்றுமலையார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்ற யாத்திரைக்காகப் பாடப்பெற்றது இச்சிந்து என்பர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஜமீன்கள் ஒழிந்தன. பாடியவரும் இல்லை, பாடுவித்தவரும் இல்லை, பல்லக்கும் பரிவாரமும் இல்லை. பாட்டு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து அடியேன் கொள்ளும் முடிபு இது. நல்ல நூல் ஆக்கியோனுக்கும் ஆக்குவித்தோனுக்கும் உடைமையாகவே இருந்துவிடுகிறது. பெருநூல் அவ்விருவர் கையிலிருந்தும் விடுபட்டு, அவர்கள் கண்டறியாத ஒருவன் தன் தேவைக்காலத்தில் தன் சொந்தச் சொல்லாக எடுத்துக்கொள்ளுமாறு அமைகிறது. நம் சித்தாந்த மொழியிற் சொல்வதானால், நூலுக்கும் ஆணவம் என்பதொன்று உண்டு. தன்னைச் செய்தவன் இவன் என்று நல்ல நூல் வரிக்கு வரி காட்டிக்கொள்கிறது. பெருநூலில் செய்தவனின் முனைப்பு அடங்கிவிடுகிறது. அவன் கல்வி குறைந்ததால் அன்று. கல்வி முழுவதும் கரைந்து பாட்டாகிவிட்டதால்.

இம்முடிபைப் பெரியதொரு நூலில் வைத்துச் சோதிப்போம். திருப்பணி செய்தோர் நிறைந்த இவ்வவைக்கு ஏற்றது பெரியபுராணத்துப் பூசலார் வரலாறு.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழப் பேரரசில் அமைச்சராக இருந்தவர். அநபாயன் எனப்பெறும் இரண்டாம் குலோத்துங்கன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தமை கண்டு, அடியார் வரலாற்றின்பால் அவனைத் திருப்பும்பொருட்டு இந்நூலைச் செய்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அஃதாவது அரசன் பொருட்டு, அரசனின் அமைச்சர், அரசவைச் சூழலில் இயற்றிய நூல். கோயில்கள் எடுப்பித்துப் பெரும்புகழ் பெற்ற மரபில் வந்தவன் அவ்வரசன். நல்ல புலவர் ஒருவர் அந்நிலையில் என்ன பாடியிருப்பார்? கோயில் எடுத்த கொற்றவனின் கொடையை வானளாவப் புகழ்ந்திருப்பார். அதில் தவறுமில்லை.

சேக்கிழார் பாடியது வேறு. திருநின்றவூரில் ஓர் ஏழை அந்தணர். இறைவனுக்குக் கோயில் எடுக்க விழைந்தார். பொருள் தேடி அலைந்தும் கிட்டவில்லை. மனத்தாலேயே பொருள் திரட்டி, மனத்தாலேயே தச்சரைக் கூட்டி, நல்ல நாள் பார்த்துத் தொடங்கி, இரவிலும் கண்துயிலாது கட்டி முடித்தார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளிலேயே, காஞ்சியில் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்த பல்லவ மன்னனும் நாட்குறித்தான். முதல்நாள் இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நாம் பூசலின் கோயிலில் புகுகின்றோம், உன் நாளை மாற்றிக்கொள் என்று பணித்தான். மன்னன் திருநின்றவூருக்குச் சென்று அக்கோயில் எங்கே என்று வினவினான். அவ்வூரில் அப்படியொரு கோயிலை எவரும் கண்டதில்லை. ஏழை அந்தணரைத் தேடிக் கண்டு, செய்தியறிந்து, அரசன் அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான். அக்கற்றளி காஞ்சிக் கயிலாசநாதர் திருக்கோயிலே என்று அறிஞர் கருதுவர்.

4,200-க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியத்தில் இருபதுக்கும் உட்பட்ட பாடல்களில் இவ்வரலாறு முடிகிறது. அதில் ஒரு நுட்பம் காணுங்கள். இல்லாத கோயிலைச் சேக்கிழார் ஓர் உண்மைக் கட்டடம்போலப் படிப்படியாக எழுப்புகிறார்: அடித்தளம், மேல்தளம், சிகரம், சுதைவேலை, கிணறு, மதில், திருக்குளம். கண்ணாற் காணத்தக்க மன்னனின் கற்றளியையோ ஓரிரு அடிகளில் சொல்லி அகல்கிறார். கதையின் நீதியை அவர் எடுத்துரைக்க வேண்டிய தேவையே இல்லாது போகிறது. எது மெய்யான கோயில் என்பதைப் பாட்டின் அளவே நமக்கு உணர்த்திவிடுகிறது.

ஆக்குவித்தோன் விரும்பிய புகழைத் தருவது நல்ல நூல். ஆக்குவித்தோன் அஞ்சத்தக்க உண்மையைச் சொல்லியும் அவனே எழுந்து வணங்குமாறு செய்வது பெருநூல். அந்நூலை யானைமேல் ஏற்றி, சோழ மன்னன் தானே கவரி வீசி ஊர்வலம் வந்தான் என்று சேக்கிழார் வரலாறு கூறுகிறது. திருப்பணிச் செல்வர்களே, பூசலார் வரலாற்றைப் படிக்கும் செல்வந்தன் தன் கொடையை எண்ணி நாணுவதில்லை. கொடையின்மேல் ஏறியிருந்த செருக்கை மட்டும் இறக்கி வைக்கிறான். அதே வரலாற்றைப் படிக்கும் ஏழை, உண்டியலில் இட ஒரு காசும் இல்லையே என்று தலைகுனிந்து வந்தவன், தலைநிமிர்ந்து செல்கிறான். அரசன் பொருட்டு எழுந்த நூலில் எண்ணூறு ஆண்டு கழித்துக் கரிசற்காட்டுக் கூலியாளுக்கும் ஓர் இருக்கை இருக்கிறது என்றால், அந்நூலின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

மற்றொரு சான்று திருநாவுக்கரசர். சமணப் பள்ளியிலே தருமசேனராய் உயர்ந்திருந்தவர், சூலைநோய் தாளாது தமக்கையார் திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் முதற்பதிகம் அருளினார். அப்பதிகத்தில் தலச்சிறப்பைக் காட்டிலும் முன்னிற்பது நோய்பட்ட ஒருவனின் முறையீடு. தம் வயிற்று வலியை அவர் மறைக்கவில்லை. அதற்கு அழகு பூசவுமில்லை. ஏழாம் நூற்றாண்டில் ஒருவருக்கு நேர்ந்த நோய் அது. இன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய் ஒருத்தி அப்பதிகத்தை முணுமுணுக்கிறாள். பாட்டில் வரும் 'நான்' எவர்? அப்பரோ, அத்தாயோ? இருவருமே. தன் 'நான்' என்ற சொல்லில் பிறர் புகுந்து நிற்க இடம் விட்டிருக்கிறது அப்பாட்டு.

இவ்விடம் சமய எல்லையையும் கடந்தது. கிறித்தவ சமயத் தொண்டராகத் தமிழகம் வந்த ஜி. யு. போப், தம் எண்பதாம் வயதை ஒட்டி 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். சமண காவியமாகிய சிந்தாமணியைப் பதிப்பித்தவர் சைவ ஆதீனத்தில் கற்ற சாமிநாதையர். நம் எட்டயபுரத்து உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தை இசுலாமியப் பெருமக்கள் போற்றிக் காத்து வருகின்றனர். தமிழறிந்த சைவரும் அதனைச் சுவைக்கின்றனர். தம் சமயத்துக்கு உண்மையாக இருந்தே இந்நூல்கள் பிறர்க்கும் உரியன ஆயின.

ஈண்டு ஒரு தடை எழும். 'பிறர் எடுத்துக்கொள்வதே பெருமையெனின், சங்கநூல்கள் பல நூற்றாண்டுகள் எடுப்பாரின்றிக் கிடந்தனவே. அக்காலத்தில் அவை பெருநூல்கள் அல்லவோ?' என்று கேட்பீர்கள். நியாயமான தடையே.

இதற்கு விடை கரிசல் உழவன் அறிவான். செம்மண்ணில் பெய்த மழை விரைவில் வடிந்துவிடும். கரிசல் அத்தகையதன்று. கோடையில் அது வெடித்துப் பாளம் பாளமாய்ப் பிளந்து கிடக்கும். அறியாதவன் அதனைச் செத்த நிலம் என்பான். அந்த வெடிப்புகளின் வழியேதான் ஐப்பசி மழை ஆழத்துக்கு இறங்குகிறது. இறங்கிய ஈரத்தைப் பற்றிக்கொண்டு, மழை நின்று நெடுநாள் கழித்தும் பருத்திக்கும் கம்புக்கும் மல்லிக்கும் ஊட்டுகிறது. மழை பொய்த்த ஆண்டில் விதை குலுக்கையில் உறங்கும். உறங்குவதால் அது விதை ஆகாமற் போவதில்லை. சிந்தாமணியும் புறநானூறும் ஏட்டுச் சுவடியாகிய குலுக்கையில் உறங்கின. ஒரு முதலியாரின் வினாவும் ஓர் ஐயரின் உழைப்பும் மழையாயின. எடுத்துக்கொள்ளப்படும் தகுதி நூலின் உள்ளே இருக்கிறது. எடுத்துக்கொள்ளும் கடமை நம்முடையது. படிப்பாரின்றிக் கிடந்த நூலைப் பதிப்பித்தவுடன் பல்லாயிரவர் தம்முடையதாகக் கொண்டாடினரே, அத்தகுதி முன்னமே அதற்குள் இருந்தமைக்கு அதுவே சான்று.

கரிசலின் உவமை மற்றொன்றையும் விளக்கும். நல்ல நூலை ஒருமுறை படித்தால் அதன் ஈரம் முழுவதும் நமக்கு வந்துவிடும். மறுமுறை படிக்கையில் முன்பு கண்டதையே காண்போம். பெருநூலோ ஆழத்தில் ஈரம் வைத்திருக்கிறது. இருபது வயதில் பூசலார் புராணத்தைப் படிப்பவன் இறைவனின் அற்புதத்தைக் காண்கிறான். ஐம்பதில் படிப்பவன் நாளை மாற்றிக்கொண்ட மன்னனின் பணிவைக் காண்கிறான். எழுபது கடந்து படிப்பவன், ஊராருக்குத் தெரியாமலே ஒரு கோயிலைக் கட்டி முடித்த அந்தணரின் தனிமையைக் காண்கிறான். நூல் மாறவில்லை, நம் வேர் ஆழ்ந்து செல்லச் செல்ல ஈரம் தட்டுப்படுகிறது.

செந்தமிழ் நடையில் இயன்றால்தான் பெருநூல் என்று கருதுவாரும் உளர். இலக்கணம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த அடியேன், நடையின் தூய்மையைப் பெரிதும் மதிப்பவன். எனினும் உண்மையைச் சொல்ல வேண்டும். சிந்து என்னும் பாமர வடிவத்தை எடுத்தாண்டே அண்ணாமலை ரெட்டியார் பெருமையுற்றார். எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியாரும் சிந்தையும் கும்மியையும் கிளிக்கண்ணியையும் தம் கருவியாகக் கொண்டார். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-ஆம் ஆண்டிலேயே பிறந்த இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி காவடிச்சிந்தைப் பதிப்பித்த பெருமையும் உடையவர். ராஜநாராயணன் 2021-இல் மறையும்வரை இம்மண்ணின் பேச்சை எழுத்தாக்கியவர். கரிசல் வட்டார வழக்குகளுக்கு அகராதி தொகுத்தவர். இவர்தம் கதைகளில் வரும் சம்சாரியும் ஆட்டுக்காரனும் பேசுவது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. இம்மண்ணைக் காணாதவரும் அதில் தம் மக்களை இனங்கண்டுகொள்கின்றனர். இவற்றுள் எவை பெருநூலாக நிலைபெறும் என்பதைக் காலம் சொல்லும். நடையை மட்டும் காட்டி வாயிற்படியிலேயே தடுத்து நிறுத்தும் உரிமை புலவர்க்கு இல்லை.

இறுதியாக, இவ்வாராய்ச்சியால் நமக்கு ஆவது என்ன என்பதைச் சொல்லி அமைகின்றேன்.

குடமுழுக்கு நடைபெறும் தலங்களில் புதிய பதிகமும் அந்தாதியும் பாடுவித்து அச்சிட்டு வழங்குவது நம் வழக்கம். அவ்வழக்கம் நின்றுவிடலாகாது. நல்ல நூல்கள் பல எழுந்தால்தான் அவற்றின் நடுவே ஒரு பெருநூல் எழும். திரிபந்தாதியில் பழகிய கை காவடிச்சிந்தைத் தந்தது போல. பாடும் இளைஞர்க்கு அடியேன் கூறுவது ஒன்றே. கற்க வேண்டியவற்றை முற்றக் கற்றுக்கொள்ளுங்கள். பாட அமரும்போது, அக்கல்வியைக் கண்டு வியப்பவரை எண்ணாது, உங்கள் பாட்டைச் சுமந்துகொண்டு நடக்கப் போகும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள்.

திருப்பணிச் செல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோபுரம் எழுந்தது, வண்ணம் தீட்டியாயிற்று, மணியும் விளக்கும் வந்துவிட்டன. இறைவன் திருமுன்பு நின்று பதிகம் ஓத ஓர் ஓதுவாருக்கு நிலையான வாழ்வூதியம் ஏற்பாடு செய்யுங்கள். ஞாயிறுதோறும் இவ்வூர்ச் சிறுவர் சிறுமியர்க்குத் திருமுறை வகுப்பு ஒன்று நடக்கட்டும். ஆண்டுக்கு ஒரு பதிகம் போதும். பொருளுணர்ந்து நெஞ்சில் பதியட்டும். பரிசுக்காகவும் மேடைக்காகவும் அன்று. இப்பிள்ளைகள் நாளை பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் செல்வர். நோயும் பிரிவும் இழப்பும் எவரையும் விடுவதில்லை. அப்படியொரு நள்ளிரவில், உற்றார் அருகில் இல்லாத அயலூரில், தம் துன்பத்தைச் சொல்லத் தமக்கே சொல் கிடைக்காதபோது, பெரியோர் ஒருவர் முன்னமே சொல்லி வைத்த சொல் அவர் நாவில் எழ வேண்டும். அன்றுதான் அந்நூலின் பெருமை அவர்களுக்கு விளங்கும். அதுவரை நாம் விளக்குவதெல்லாம் விதைப்பே.

கற்கோயிலின் கலசத்துக்கு நீராட்டும் இவ்வேளையில், சொற்கோயிலின் கதவையும் நம் பிள்ளைகளுக்குத் திறந்து வைப்போமாக. பூசலார் உள்ளத்தில் எழுந்தருளிய பெருமான், நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுந்தருளித் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.